ஆர்தர் பிரௌன்: தலையில் தீயோடு பாடியவர் அப்புறம் என்ன ஆனார்?

"1968-இல் தலையில் தீ எரிய ஒரு பாட்டுப் பாடினாரே ஆர்தர் பிரௌன், அந்த ஒரே பாட்டோடு காணாமல் போய்விட்டாரா? அவருக்கு உண்மையில் பாட வருமா, இல்லை எல்லாம் மேடை வித்தைதானா?" இதுதான் கேள்வி.

பாட வரும். நன்றாகவே வரும். இங்கிலாந்தில் அவர் காலத்து ராக் பாடகர்களில் குரல் வளத்தில் அவர் பக்கத்தில் நிற்கக்கூடியவர்கள் சிலர்தான். காணாமலும் போகவில்லை. 2022-இல் தன் எண்பதாவது பிறந்தநாளன்று புது ஆல்பம் வெளியிட்டார். ஆனால் நாடு முழுக்க ஒலித்து விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது என்று பார்த்தால் 'ஃபயர்' ஒன்றுதான். அது ஏன் ஒன்றோடு நின்றது என்று கேட்டால், தலையில் எரிந்த தீதான் அவரைக் கோமாளியாக்கிவிட்டது என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தப் பாட்டு பட்டியலில் மேலே ஏறிக்கொண்டிருந்த அதே மாதங்களில், அதை உண்டாக்கிய குழு உடைந்துகொண்டிருந்தது. விஷயம் அங்கே இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பிரௌன் பிறந்தது 1942 ஜூன் 24, யார்க்‌ஷயர் கடற்கரையில் உள்ள விட்பி என்ற துறைமுக ஊரில். பள்ளிப்படிப்பு லீட்ஸில். அப்புறம் லண்டனிலும் ரெடிங்கிலும் பல்கலைக்கழகம். சட்டம் கொஞ்சம், தத்துவம் கொஞ்சம். ரெடிங்கில் இருக்கும்போதே 'புளூஸ் அண்ட் பிரௌன்' என்று ஒரு குழு சேர்த்துப் பாட ஆரம்பித்துவிட்டார். அந்தக் காலத்து ஆங்கிலேயப் பையன்கள் பலரையும் போல அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ், சோல் பாட்டுகள்தான் அவருக்கும் பால பாடம். பின்னால் அவர் ஆல்பத்தில் ஜேம்ஸ் பிரௌன் பாட்டு ஒன்றும், ஸ்க்ரீமிங் ஜே ஹாக்கின்ஸ் பாட்டு ஒன்றும் இடம்பெற்றது தற்செயல் இல்லை. ஹாக்கின்ஸ் யாரென்று தெரியாதவர்களுக்கு: 1950-களிலேயே மேடையில் சவப்பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்து பாடிய அமெரிக்கர். பிரௌனின் மேடைப் பித்துக்கு மூதாதை என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால் அவரைத்தான் சொல்லவேண்டும்.

1966-இல் பாரிஸ் போனார். அவர் நாடகக்காரராக மாறியது அங்கேதான். மெழுகுவத்திகள் செருகிய ஒரு கிரீடம் எப்படியோ கையில் கிடைக்க, அதை ஏற்றித் தலையில் வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தார். பின்னால் வந்த பெரிய தீக்கு விதை அதுதான். ஜேன் ஃபோண்டா நடித்து ரோஜே வாதிம் இயக்கிய ஒரு பிரெஞ்சுப் படத்துக்காக இரண்டு பாட்டுகளும் பதிவு செய்தார். லண்டன் திரும்பியதும் கொஞ்ச நாள் ஒரு சோல் குழுவில் இன்னொரு பாடகரோடு பங்கு போட்டுப் பாடினார். பிரௌன் விலகினார், அந்தக் குழு 'தி ஃபவுண்டேஷன்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டு 1967 கடைசியிலேயே இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. பிரௌனுக்கு அந்த இடம் கிடைக்க இன்னும் பல மாதங்கள் ஆயின.

லண்டனில் அவருக்கு வாய்த்த இடம் யூ.எஃப்.ஓ கிளப். டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில், ஐரிஷ்காரர்கள் நடனமாடும் ஒரு நிலவறைக் கூடத்தை வெள்ளிக்கிழமை இரவுகளுக்கு வாடகைக்கு எடுத்து ஜோ பாய்டும் ஜான் ஹாப்கின்ஸும் நடத்தினார்கள். 1966 டிசம்பரில் தொடங்கி ஓர் ஆண்டுகூட முழுதாக ஓடவில்லை. ஆனால் பிங்க் ஃபிளாய்டும் சாஃப்ட் மெஷினும் வளர்ந்தது அங்கேதான். விடிய விடிய நடக்கும். சுவரெல்லாம் எண்ணெய்க் குமிழ் மாதிரி வண்ண விளக்குகள் நெளியும். கூட்டத்தில் பாதிப் பேர் இந்த உலகத்திலேயே இருக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தை நிமிர்ந்து பார்க்க வைப்பது லேசான காரியமா? பிரௌன் நீண்ட அங்கி போட்டு, முகத்தில் மண்டையோடு போலக் கறுப்பும் வெள்ளையும் தீட்டி, தலையில் தீயோடு வந்து நின்றார். நிமிர்ந்து பார்த்தார்கள்.

குழுவின் பெயர் 'தி கிரேஸி வேர்ல்ட் ஆஃப் ஆர்தர் பிரௌன்'. பெயரில் அவர் மட்டும் இருந்தாலும் இசையில் பாதிக்கு மேல் வின்சென்ட் கிரேன் என்ற ஆர்கன்காரர். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியில் முறையாகப் படித்தவர். டிரம்ஸில் டிராக்கன் தீக்கர். ஆல்பத்தில் பாஸ் வாசித்தவர் நிக் கிரீன்வுட். கித்தார் வாசிக்க ஆளே இல்லை! 1967-இல், ஹெண்ட்ரிக்ஸும் கிளாப்டனும் லண்டனில் கடவுளாக இருந்த நேரத்தில், கித்தாரே இல்லாத ராக் குழு. இதை யாரும் போதிய அளவு பேசுவதில்லை. கிரேனின் ஹேமண்ட் ஆர்கன் அந்தப் பள்ளத்தை அடைத்தது. இரண்டு கையும் இரண்டு வரிசைக் கட்டைகளில், காலடியில் பாஸ் பெடல்கள். தேவாலய வாத்தியத்தின் கம்பீரமும் உண்டு, சாராயக்கடைப் பாட்டின் அழுக்கும் உண்டு. நரகத்தைப் பற்றிப் பாடுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பக்கவாத்தியம் கிடையாது.

இப்போது அந்தத் தீயைப் பார்ப்போம். வேலைப்பாடு எளிமையானது, அதனால்தான் ஆபத்தானது. தலையில் இறுகப் பொருந்தும் ஓர் உலோகக் கவசம். தாடைக்குக் கீழே வார் போட்டுக் கட்டவேண்டும். மேலே எரிபொருளுக்கு இடம். எரிபொருள் பெரும்பாலும் மெத்தனால். மெத்தனால் தீயில் புகை அதிகம் வராது, பாடுகிறவருக்கு அது வசதி. ஆனால் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியவும் தெரியாது. வழிந்து தோளில் இறங்கினாலும் பக்கத்தில் இருப்பவருக்கு உடனே புலப்படாது. அதை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பவரா பிரௌன்? கழுத்தை வெட்டி வெட்டி, இடுப்பை ஒடித்து ஆடுகிற ஆள்.

1967-இல் விண்ட்சரில் நடந்த விழாவில் நடக்கவேண்டியது நடந்தது. அன்று சரியான கவசம்கூட இல்லை. சமையலறையில் காய்கறி வடிகட்டுகிற உலோகக் கூடையை மெத்தனாலில் நனைத்துக் கவிழ்த்திருந்தார். எரிபொருள் தலையில் வழிந்து பற்றிக்கொண்டது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் கையிலிருந்த பியரை அவர் தலையில் ஊற்றி அணைத்தார்கள். பெரிய காயம் இல்லை. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு அந்த யோசனையைக் கைவிட்டிருப்பார்கள். பிரௌன் இன்னும் நல்ல கவசமாகச் செய்துகொண்டார்.

இவரைப் பார்த்துவிட்டுத் தூக்கிவிட்டவர் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட். தி ஹூவின் மேலாளர்கள் கிட் லாம்பர்டும் கிறிஸ் ஸ்டாம்பும் அப்போதுதான் டிராக் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கி ஜிமி ஹெண்ட்ரிக்ஸைச் சேர்த்திருந்தார்கள். டவுன்ஷெண்டின் வற்புறுத்தலில் பிரௌனும் அங்கே சேர்ந்தார். முதல் ஆல்பம் 1968 ஜூனில் வந்தது. தயாரிப்பு லாம்பர்ட், இணைத் தயாரிப்பு டவுன்ஷெண்ட்.

அந்த ஆல்பத்தின் முதல் பக்கம் முழுக்க ஒரே தொடர்: கெட்ட கனவில் தொடங்கி, தீயைப் பற்றிய ஒரு பேச்சுப்பாட்டில் நுழைந்து, 'ஃபயர்' வெடித்து, அப்புறம் மெல்ல அடங்கிக் குழப்பத்தில் முடிகிறது. 'ஃபயர்' பாட்டைத் தனியாக மட்டும் கேட்பவர்களுக்கு இது தெரியாது. நாடகத்தின் நடுக்காட்சியை மட்டும் பார்த்துவிட்டு வந்தது போலத்தான் அது.

பாட்டையே கொஞ்சம் உன்னிப்பாகக் கேளுங்கள். வாத்தியம் எதுவும் நிலைகொள்வதற்கு முன்னாலேயே, தான் நரகத்தீயின் கடவுள் என்று ஒரு பிரகடனம். அது பாட்டில்லை, உச்சஸ்தாயிப் பேச்சு. உடனே ஆர்கன் ஒரு சிறிய சுழலைப் பிடித்துக்கொண்டு விடாமல் சுற்றுகிறது. பாடுபட்டுச் சேர்த்தது, படித்தது எல்லாம் எரியப்போகிறது என்று முதலில் கிட்டத்தட்ட ஓர் உபதேசியின் நிதானத்தோடு பாடுகிறார். அப்புறம் குரல் படியேறுகிறது. கடைசியில் சொல்லே இல்லை, கீச்சுக்குரலும் அலறலும் காற்று ஊளையிடும் சத்தமும்தான். மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த அலறல்களைக் கவனியுங்கள்: எதுவும் சுருதி விலகாது. கத்துவது வேறு, கத்துவதைப் பாடுவது வேறு. பின்னால் ஹெவி மெட்டல் பாடகர்கள் பிழைத்தது இரண்டாவதை வைத்துத்தான்.

பாட்டில் இடையிடையே பித்தளை ஊதுகருவிகள் குத்துகின்றன அல்லவா, அவை வந்த கதை வேடிக்கையானது. அமெரிக்காவில் ஆல்பத்தை விநியோகிக்க வேண்டிய அட்லாண்டிக் நிறுவனம், தீக்கரின் டிரம்ஸ் தாளம் தள்ளாடுகிறது என்று முகம் சுளித்தது. லாம்பர்ட் என்ன செய்தார்? முழுவதையும் திரும்ப வாசிக்க வைப்பதற்குப் பதில், கிரேனை விட்டு ஊதுகருவிகளுக்கும் வயலின்களுக்கும் இசைக்குறிப்பு எழுதச் சொல்லி மேலே பூசிவிட்டார். இரண்டு பாட்டுகளுக்கு மட்டும் ஜான் மார்ஷல் என்ற வேறொருவர் டிரம்ஸ் வாசித்தார். குறையை மறைக்கப் பூசிய பூச்சு பாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

1968 ஆகஸ்டில் 'ஃபயர்' இங்கிலாந்தில் முதலிடம். ஒரே ஒரு வாரம். கனடாவிலும் முதலிடம். அமெரிக்காவில் அக்டோபரில் இரண்டாம் இடம் வரை போனது. மேலே நகரவிடாமல் உட்கார்ந்திருந்தது பீட்டில்ஸின் 'ஹே ஜூட்'. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றுத் தங்கத்தட்டு வாங்கியது. ஆல்பமும் இங்கிலாந்தில் 2, அமெரிக்காவில் 7. தொலைக்காட்சியில் தீக்கவசத்தோடு அவர் ஆடிய காட்சிதான் இன்றைக்கும் எல்லோரும் பார்ப்பது.

பணம்? அங்கேயும் ஓர் ஓட்டை. பாட்டின் மெட்டு தங்களுடைய பழைய பாட்டு ஒன்றைப் போலிருக்கிறது என்று மைக் ஃபைன்சில்வர், பீட்டர் கெர் என்ற இரண்டு பாடலாசிரியர்கள் உரிமை கோரினார்கள். அவர்கள் பெயரும் ஆசிரியர் வரிசையில் ஏறியது. பிரௌன், கிரேன் இரண்டு பேருக்கு வரவேண்டிய உரிமைத்தொகை நான்காகப் பிரிந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய வெற்றி, அதிலும் பங்கு.

ஆனால் உண்மையான அடி விழுந்தது அமெரிக்கப் பயணத்தில். தி ஹூ, தி டோர்ஸ், ஹெண்ட்ரிக்ஸ் என்று பெரிய பெயர்களோடு மேடை ஏறினார்கள். அந்தப் பயணத்தில் கிரேனின் மனநிலை குலைந்தது. ஊர் திரும்பி மனநல மருத்துவமனையில் சேர்க்கவேண்டியதாயிற்று. வாழ்நாள் முழுவதும் அவரைத் துரத்திய நோய் அது. 1989-இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். தீக்கர் குழுவை விட்டு விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் கார்ல் பாமர், அப்போது வயது பதினெட்டு. கிரேன் குணமாகித் திரும்பி வந்து இன்னொரு சுற்று வாசித்தார். 1969 கோடையில் பாமரையும் கூட்டிக்கொண்டு விலகி 'அட்டாமிக் ரூஸ்டர்' குழுவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பாமர் அங்கிருந்தும் கிளம்பி கீத் எமர்சன், கிரெக் லேக் என்ற இசைக்காரர்களோடு ஒரு குழு சேர்த்து உலகப் புகழ் பெற்றார்.

பிரௌனிடம் மிஞ்சியது குழுவின் பெயர் மட்டும். முதலிடம் பிடித்த ஒரு குழுவுக்கு அடுத்த ஒன்றரை ஆண்டுதான் முக்கியம். அந்த நேரத்தில் இரண்டாவது ஆல்பம் கடைக்கு வரவேண்டும். வரவில்லை. 1969-இல் டார்செட் பக்கம் பட்டில்டவுன் என்ற ஊரில் தீக்கரை மறுபடி சேர்த்துக்கொண்டு ஒன்றைப் பதிவு செய்தார்கள்தான். 'ஸ்டிரேஞ்ச்லேண்ட்ஸ்' என்று பெயர். அது வெளியானது 1988-இல்! கேட்டுப் பார்த்தால், விற்கமுடியாது என்று அப்போது நினைத்ததில் தப்பில்லை என்றும் தோன்றும். மெட்டு என்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத கட்டற்ற அலைச்சல். கிரேன் இருந்திருந்தால் அதற்கு எலும்பு இருந்திருக்கும். பிரௌனுக்கு எப்போதுமே தேவைப்பட்டது, தன்னைக் கட்டுக்குள் வைக்கத் தெரிந்த ஓர் இசைக்காரர்.

அப்படி ஒரு கூட்டம் அடுத்துக் கிடைத்தது: 'கிங்டம் கம்' குழு. அதற்கு முன்னால் 1970-இல் சிசிலித் தீவின் பலெர்மோ விழாவில் மேடையிலேயே துணியைக் கழற்றிப்போட்டு, போலீஸ் பிடித்து நாடு கடத்திய கூத்து ஒன்று உண்டு. பத்திரிகைகளுக்குத் தீனி, அதைத் தாண்டி அதில் சொல்ல ஒன்றுமில்லை.

கிங்டம் கம் 1971 முதல் 1973 வரை மூன்று ஆல்பங்கள் செய்தது. 1971 கிளாஸ்டன்பரி விழாவில் சிலுவைகள் எரிய அவர்கள் ஆடியதை அந்த விழாவைப் பற்றிய ஆவணப்படத்தில் பார்க்கலாம். முதல் ஆல்பம் 'கலாக்டிக் ஸூ டோசியர்' முரட்டுத்தனமானது, நல்லது. இரண்டாவது கொஞ்சம் சறுக்கல். மூன்றாவது 'ஜர்னி'. கேள்வி கேட்டவர் இந்தப் பதிலில் வேறெதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாவிட்டாலும் இந்தப் பெயரை வைத்துக்கொள்ளுங்கள்.

டிரம்ஸ்காரர் விலகிப் போயிருந்தார். வேறு ஆள் தேடுவதற்குப் பதிலாக ஒரு தாள இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். பென்ட்லி ரிதம் ஏஸ். ஜப்பானின் ஏஸ் டோன் நிறுவனம் செய்தது; அந்த நிறுவனத்தை நடத்திய காகெஹாஷிதான் பின்னால் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கியவர். வீட்டில் ஆர்கன் வாசிக்கும் பெரியவர்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டு வால்ட்ஸ், ரும்பா என்று பொத்தானை அமுக்கித் தாளம் போட்டுக்கொள்வதற்காகச் செய்த பெட்டி அது. ராக் இசைக்கு அதை யாரும் மரியாதையோடு பார்த்ததில்லை. வேல்ஸில் ராக்ஃபீல்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் பிரௌனே அதை இயக்கினார். ஆல்பம் முழுக்கத் தாளம் அந்தப் பெட்டிதான். ஆல்பம் முழுவதும் இயந்திரத் தாளத்தில் ஓடும் ராக் ஆல்பங்களில் இதுதான் மிக முந்தியவற்றில் ஒன்று.

முதல் பாட்டு 'டைம் கேப்டிவ்ஸ்' எட்டு நிமிடத்துக்கு மேல். 'டொக்... டொக்...' என்று ஒற்றைத் துடிப்பில் தொடங்குகிறது. நீண்ட நேரம் அதுதான். அப்புறம் துடிப்பு நெருங்குகிறது, அடியில் சிந்தசைசர் முனக ஆரம்பிக்கிறது, விக்டர் பெரைனோவின் மெல்லோட்ரான் (நாடாவில் பதிந்த வாத்திய ஒலிகளைக் கட்டைகளால் ஒலிக்கவைக்கும் கருவி) பின்னால் திரை விரிக்கிறது, ஆண்டி டால்பியின் கித்தார் உள்ளே வருகிறது. ஆமாம், இங்கே கித்தார் உண்டு. பிரௌன் குரல் கொடுக்க அவசரமே படவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் எடுத்த எடுப்பில் கூரையைப் பிய்த்த ஆள் இவர்தானா என்று சந்தேகம் வரும். மனிதன் வாசித்தால் தாளம் கொஞ்சம் சூடேறும், கொஞ்சம் தளரும், பெட்டி அசையாது. அந்த அசையாத கோட்டின் மேல் அவர் குரல் எவ்வளவு வேண்டுமானாலும் நெளியலாம். எந்த டிரம்ஸ்காரரும் கொடுக்காத சுதந்திரத்தை அவருக்கு அந்தப் பெட்டி கொடுத்தது. ஜெர்மன் மின்னணு இசை இங்கிலாந்துக்காரர்களை இன்னும் தொற்றாத நேரம் அது. விற்பனை? சொல்லிக்கொள்ளும்படி இல்லை. குழு கலைந்தது.

இதே ஆண்டுகளில்தான் ஆலிஸ் கூப்பர் என்ற அமெரிக்க ராக் பாடகர் கண்ணுக்குக் கீழே மை வழிய, மேடையில் தன் தலையையே வெட்டிக்கொள்ளும் நாடகம் போட்டு அரங்குகளை நிரப்பினார். 1973-இல் கிஸ் குழு முகம் முழுக்கச் சாயத்தோடு கிளம்பியது. தீ, முகச்சாயம், அங்கி, அலறல் எல்லாம் ஐந்து வருஷத்துக்கு முன்னால் லண்டன் நிலவறையில் ஒருவர் செய்துவிட்டுப் போனவை. ஆலிஸ் கூப்பர் இந்தக் கடனை மறைத்ததில்லை, வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அப்படியானால் காசு மட்டும் ஏன் அந்தப் பக்கம் போயிற்று? கூப்பரிடம் பல வருஷம் கலையாத ஒரு குழு இருந்தது, பாப் எஸ்ரின் என்ற கறாரான தயாரிப்பாளர் இருந்தார், அதிர்ச்சியை விலைக்கு விற்கத் தெரிந்த ஷெப் கார்டன் என்ற மேலாளர் இருந்தார். பிரௌனிடம் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் இருந்தது 1968-இன் சில மாதங்கள் மட்டும்தான். இன்னொன்றும் உண்டு, அது அவர் குணம். கூப்பர் அதே கதாபாத்திரத்தை வருடக்கணக்கில் மெருகேற்றினார். பிரௌன் நரகத்தின் கடவுளை ஓர் ஆல்பத்தோடு இறக்கி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். வியாபாரம் தெரிந்தவர் யாரும் அதைச் செய்யமாட்டார்.

எழுபதுகளின் மிச்சத்தை வேகமாகக் கடந்துவிடலாம். கென் ரஸ்ஸலின் 'டாமி' படத்தில் (1975) எரிக் கிளாப்டனோடு பாதிரியார் வேடத்தில் ஒரு காட்சி. ஆலன் பார்சன்ஸ் பிராஜெக்டின் முதல் ஆல்பத்தில் (1976) எட்கர் ஆலன் போவின் கதையை வைத்துச் செய்த 'தி டெல்-டேல் ஹார்ட்' பாட்டுக்குக் குரல். கொலைகாரனின் பதற்றத்தைத் தொண்டையிலேயே காட்டியிருப்பார். அந்த ஆல்பத்தில் எனக்கு மறக்காத ஒரே குரல் அதுதான். ஜெர்மன் மின்னணு இசைக்காரர் கிளாஸ் ஷுல்ட்சேயோடு 1979-இல் சேர்ந்து பதிவும் செய்தார், மேடையும் ஏறினார். 'ஜர்னி' கேட்டவர்களுக்கு இந்தக் கூட்டணி ஆச்சரியம் தராது. கிரேனோடும் மறுபடி ஓர் ஆல்பம் செய்தார். தனி ஆல்பங்களும் வந்தன, போயின.

எண்பதுகளில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம், ஆஸ்டின் நகரம். இங்கேதான் கதை யாரும் எதிர்பார்க்காத பக்கம் திரும்புகிறது. நரகத்தின் கடவுள் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தார். தச்சு வேலையும் செய்தார். கூட்டாளி ஜிமி கார்ல் பிளாக், ஃபிராங்க் ஸாப்பாவின் 'மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்' குழுவின் பழைய டிரம்ஸ்காரர். தங்கள் பெயின்டிங் கம்பெனிக்கு 'வண்ணக் கனவான்கள்' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் பெயரிலும் நிறம் இருப்பதால் பொருத்தம்தான். சேர்ந்து ஒரு புளூஸ் ஆல்பமும் போட்டார்கள். நலிந்த கலைஞரின் சோகக்கதை மாதிரி இதை எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. பகலில் சுவர், சாயங்காலம் படிப்பு என்று இருந்து உளவியல் ஆலோசனையில் முதுகலைப் பட்டம் வாங்கினார் மனிதர். 1996-இல் இங்கிலாந்து திரும்பியதும் ஓர் ஆலோசகரோடு சேர்ந்து ஒரு சேவை தொடங்கினார்: மனக்கஷ்டத்தோடு வருபவர் பேசுவார், கடைசியில் பிரௌன் அவருடைய பிரச்சினையை வைத்து அவருக்கென்றே ஒரு பாட்டுக் கட்டிக் கொடுப்பார். ரெடிங்கில் படித்த தத்துவம் வீண்போகவில்லை.

அதற்குள் அவர் பாட்டு அடுத்த தலைமுறையிடம் போயிருந்தது. 1992-இல் தி பிராடிஜி குழு 'ஃபயர்' பாட்டின் அந்த நரகக் கடவுள் பிரகடனத்தை வெட்டியெடுத்துத் தங்கள் நடனப் பாட்டில் ஒட்டியது. அதைத்தான் மூலம் என்று நினைத்து வளர்ந்தவர்கள் நிறையப் பேர். அயர்ன் மெய்டன் பாடகர் புரூஸ் டிக்கின்சன் 1998-இல் வந்த தன் தனி ஆல்பத்தில் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கின் வரிகளை வாசிக்க பிரௌனைத்தான் அழைத்தார். ஹாக்விண்ட் குழுவோடு கொஞ்ச காலம் மேடையேறினார். 2005-இல் கிங்டம் கம் பழைய ஆட்கள் லண்டனில் ஒருமுறை கூடி வாசித்தார்கள். அந்த ஆண்டு கிளாசிக் ராக் பத்திரிகை அவருக்குச் சிறந்த மேடைக் கலைஞர் விருது கொடுத்தது.

2007-இல் தென் இங்கிலாந்தில், அப்போது தான் குடியிருந்த லூயிஸ் ஊரிலேயே ஒரு நிகழ்ச்சி. மறுபடியும் தலைமுடியில் தீ. பக்கத்தில் இருந்தவர்கள்தான் பாய்ந்து அணைத்தார்கள். விண்ட்சர் நடந்து அப்போது நாற்பது வருஷம் ஆகியிருந்தது, அவருக்கு வயது 65.

ரசிகர்களிடமே பணம் திரட்டி 2013-இல் 'ஸிம் ஸாம் ஸிம்' ஆல்பம் வந்தது. 2019 கோடையில் அமெரிக்காவில் யெஸ், ஏஷியா குழுக்களோடு ஒரே பயணத்தில் கார்ல் பாமரின் குழு போனது. அதற்குப் பாடகர் பிரௌன். பதினெட்டு வயதில் தன்னிடம் வந்து சேர்ந்த பையனுக்கு அரை நூற்றாண்டு கழித்துப் பாட்டுக்காரராகப் போய் நின்றார், 77 வயதில், முகச்சாயத்தோடு. 2022-இல் வந்தது 'லாங் லாங் ரோடு'.

எங்கே தொடங்கிக் கேட்பது என்று அடுத்த கேள்வி வரும். 'ஃபயர்' பாட்டைத் தனியாகத் தேடாமல் 1968 ஆல்பத்தின் முதல் பக்கத்தை முதலிலிருந்து ஓடவிடுங்கள். மறுவெளியீடுகளில் அந்தப் பக்கத்தின் மோனோ (ஒற்றைத்தட ஒலி) வடிவங்களும் சேர்ந்தே கிடைக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் லாம்பர்ட் எங்கே கைவைத்தார் என்பது காதுக்கே பிடிபடும். இரண்டாம் பக்கத்தில் ஹாக்கின்ஸ் பாட்டு மட்டும் கட்டாயம். அடுத்து நேராக 'ஜர்னி'க்குத் தாவிவிடுங்கள், இரவில், ஹெட்ஃபோன் போட்டு. அது பிடித்துவிட்டால் 'கலாக்டிக் ஸூ டோசியர்'. பிடிக்காவிட்டால் ஆலன் பார்சன்ஸ் பாட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். 'ஸ்டிரேஞ்ச்லேண்ட்ஸ்' பக்கம் மட்டும் அவசரப்பட்டுப் போகவேண்டாம்.